கம்பி நீட்டியவர்களின் சரித்திரம்

கணினி வலையமைப்பைப் பற்றிப் பாடப்புத்தகம் எழுதுகிறவர்கள் முதல் பக்கத்திலேயே ஒரு மேகத்தை வரைந்துவிடுவார்கள். மேகத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கணினி, அந்தப் பக்கம் ஒரு கணினி, நடுவில் ஒரு கோடு. இதுதான் நெட்வொர்க், போய்ப் படுத்துத் தூங்கு என்பார்கள். அந்த ஆசிரியர் பெருமக்களை ஒரு சாயங்காலம் வடசென்னை டோல்கேட்டில் இறக்கிவிட்டு, கடற்கரைப் பக்கம் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலைக்கு நடத்திக் கூட்டிப்போக வேண்டும். துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் ஒன்றின் வாலில் ஒன்று மூக்கை வைத்து நிற்கும். சாலை இருக்கிறது, வண்டி இருக்கிறது, டீசல் இருக்கிறது, சரக்கும் இருக்கிறது. டிரைவர் மட்டும் வண்டிக்கு அடியில் துண்டு விரித்துப் படுத்திருக்கிறார். ஏன் என்றால் கேட் திறக்கவில்லை.

நெட்வொர்க் என்பது கோடு இல்லை, கேட். டோல்கேட்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊர் பேரே அதுதான். 2011இல் திருவொற்றியூர் நகராட்சி மாநகராட்சியோடு சேரும்வரை சென்னைக்கு வடக்கெல்லை ஏறக்குறைய இங்கேதான் முடிந்தது.

கதைக்குள் போகும் முன் பாத்திர அறிமுகம். ஒன்றைக் கேட்டு வருகிறவர் கிளையன்ட். அதை வைத்திருந்து எடுத்துக் கொடுக்கிறவர் சர்வர். இது பதவிதான், பிறவி இல்லை. காலையில் கொடுத்த கணினியே மாலையில் வேறொன்றிடம் போய்க் கை நீட்டலாம். இடையில் நின்று “நீ இந்தப் பக்கம் போ” என்கிறவர் ரவுட்டர். எப்படிக் கேட்க வேண்டும், எப்படிக் கொடுக்க வேண்டும் என்ற சம்பிரதாயம் புரோட்டோகால். கம்பி இழுப்பதை மனிதர்கள் எப்படியாவது செய்து முடித்துவிட்டார்கள். ஒரே கம்பிக்கு ஒன்பது பேர் வந்து நின்றால் யார் பொறுத்துக்கொள்வது என்பதில்தான் ஒவ்வொரு தலைமுறையும் முட்டிக்கொண்டது.

முதல் பதில்: துரை முதலில்

இந்தியாவில் முதன்முதலில் கம்பி நீட்டியவர் வில்லியம் புரூக் ஓ’ஷாக்னசி. கிழக்கிந்தியக் கம்பெனியின் டாக்டர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். 1839இல் இந்த மனிதர் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, கஞ்சாவை ஆராய்ந்து மேற்கத்திய மருத்துவத்துக்கு அறிமுகப்படுத்தினார். இரண்டு, கல்கத்தாவில் மைல்கணக்கில் கம்பி கட்டி மின்சாரத்தால் சேதி அனுப்பிக் காட்டினார். எந்த ஆராய்ச்சியிலிருந்து எந்த ஆராய்ச்சிக்கு யோசனை போனது என்று சரித்திர ஆசிரியர்கள் நாகரிகம் கருதிக் கேட்பதில்லை.

கம்பெனிக்காரர்கள் அந்தச் சோதனையைப் பார்த்துவிட்டு, எல்லா அரசாங்கமும் செய்வதையே செய்தார்கள். ஃபைலைக் கட்டிப் பரணில் போட்டார்கள். பத்து வருஷத்துக்கு மேல் தூசி ஏறியது. பிறகு கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி வந்து பரணில் ஏணி வைத்தார். 1851இல் கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹார்பருக்குக் கம்பி போனது. ஏன் அங்கே? கப்பல் வந்ததா, சரக்கு இறங்கியதா என்று தெரிய வேண்டுமே! இந்தியாவின் முதல் நெட்வொர்க்கே துறைமுகத்து வேலைக்காகத்தான் பிறந்தது. இராயபுரத்துக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

1855க்குள் மெட்ராஸும் இந்த வலைக்குள் வந்துவிட்டது. ஓ’ஷாக்னசி ஐரோப்பாவில் போட்டது போன்ற மெல்லிய கம்பியை நம்பவில்லை. தடித்த இரும்புத் தண்டாகவே போட்டார். குரங்குக் கூட்டம் ஏறி உட்கார்ந்து பேன் பார்த்தாலும் தாங்க வேண்டும் என்பது அவர் கணக்கு. நம் ஊர் நெட்வொர்க் வடிவமைப்பில் முதல் நிபந்தனை, குரங்கு உட்காரும் என்பது. மரியாதைக்காக இன்றைக்கு அதை ‘யூசர்’ என்கிறார்கள்.

தந்தி ஆபீசில் வரிசை உண்டு. ஆனால் அரசாங்கத் தந்தி வந்தால் வரிசை கலைந்துவிடும். கலெக்டர் துரையின் சேதி முதலில். செட்டியாரின் அரிசி விலை பிறகு. குப்புசாமியின் பாட்டி இறந்த சேதி அதற்கும் பிறகு. யார் பொறுப்பது என்ற கேள்விக்கு முதல் பதில் அதிகாரம்.

மற்றபடி, இன்று நாம் புதுசு என்று நினைக்கிற பல சமாசாரம் அன்றே இருந்தது. வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு வாங்கியதால் சனங்கள் வேற்றுமை உருபு, இடைச்சொல் எல்லாவற்றையும் அறுத்தெறிந்து “அப்பா சீரியஸ் உடனே புறப்படு” என்று எழுதப் பழகினார்கள். கல்யாண வாழ்த்துக்கும் பண்டிகை வாழ்த்துக்கும் எண் போட்ட பட்டியல் இருந்தது. எண்ணை மட்டும் அனுப்பினால் அந்தப் பக்கத்து ஆபீஸ் அதே பட்டியலைப் பார்த்து முழு வாழ்த்தையும் எழுதிக் கொடுக்கும். இரண்டு முனையிலும் ஒரே அட்டவணை இருந்தால் சரக்கைச் சுருக்கி அனுப்பலாம்: கம்ப்யூட்டர் விஞ்ஞானத்தில் இதற்கு ஒரு செமஸ்டர் பாடமே இருக்கிறது. தபால் இலாகா அதை வாழ்த்து ஃபாரத்தின் பின்பக்கத்தில் முடித்துவிட்டது. ஆனால் நெட்வொர்க் மீது நம் மக்களுக்கு இருந்த நம்பிக்கை தனி ரகம். தந்தி என்று தபால்காரர் குரல் கொடுத்ததுமே வீட்டில் ஒப்பாரி தொடங்கிவிடும். பிரித்துப் பார்த்தால் பையனுக்கு வேலை கிடைத்திருக்கும். 2013 ஜூலையில் பி.எஸ்.என்.எல். தந்தியை நிறுத்தியபோது அழுதவர்களாவது சரியான காரணத்துக்கு அழுதார்கள்.

எம்டன் செய்த தப்பு

1870, 71 வாக்கில் மெட்ராஸிலிருந்து பினாங்குக்குக் கடலடிக் கம்பி போட்டார்கள், அங்கிருந்து சிங்கப்பூர். கடலுக்கடியில் கம்பி நனையாதா என்று கேட்டவர்களுக்கு, மலாய்க் காட்டு மரத்துப் பாலான கட்டாபெர்ச்சாவைப் பூசியிருக்கிறோம் என்று பதில் வந்தது. இந்தியப் பெருங்கடலெங்கும் இப்படிக் கம்பிகள் போய், நடுவில் ஏதாவது ஒரு தீவில் ஏறி இறங்கின. அந்தத் தீவுகளில் நாலு வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து, வந்த சேதியை அடுத்த கம்பிக்குத் தள்ளிவிட்டார்கள். இன்றைய ரவுட்டருக்கும் இதே வேலைதான். என்ன, ரவுட்டர் டென்னிஸ் ஆடாது.

டென்னிஸ் எங்கிருந்து வந்தது என்று சொல்லித்தான் ஆக வேண்டும். 1914 செப்டம்பர் 22 ராத்திரி, கார்ல் ஃபான் முல்லரின் ஜெர்மன் கப்பல் எம்டன் மெட்ராஸ் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்றது. உலகமே யுத்தத்தில் இருக்க, மெட்ராஸ் மட்டும் தீபாவளிபோல் விளக்குகளை ஏற்றிவைத்திருந்தது. ஹைகோர்ட் கோபுரத்து உச்சியிலிருந்த கலங்கரை விளக்கம் வழி தெரியாதவர்களுக்கும் வழி காட்டிக்கொண்டிருந்தது. முல்லருக்கு வேறென்ன வேண்டும்? அரைமணி நேரம் குண்டு போட்டார். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. மறுநாள் மெட்ராஸ் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறியது. ஊரை மிரட்டுகிற ஆளை இன்றைக்கும் “அவன் ஒரு எம்டன்” என்கிறோம்.

அந்த எம்டனைக் கவிழ்த்தது பீரங்கி இல்லை, நெட்வொர்க். நவம்பர் 9ஆம் தேதி முல்லர் கோகோஸ் தீவுக்குப் போனார். அங்கே பெர்த்துக்கும் பட்டேவியாவுக்கும் மொரிஷியஸ் பக்கமும் போகிற கம்பிகள் கூடும் நிலையம் இருந்தது. அதை அறுத்தால் பிரிட்டிஷ்காரனுக்குக் காது கேட்காது என்பது திட்டம். மூன்று புகைபோக்கி உள்ள கப்பலுக்குக் கித்தானில் நாலாவது புகைபோக்கி வைத்து மாறுவேடம் போட்டிருந்தார். தீவிலிருந்த தந்திக்காரர்கள் அதைப் பார்த்து, கித்தான் எது, இரும்பு எது என்று தெரியாதவர்களா நாங்கள் என்று உடனே வயர்லெஸ்ஸில் “எம்டன் இங்கே” என்று தட்டிவிட்டார்கள். சேதி போன பிறகுதான் ஐம்பது ஜெர்மானியர்கள் கரையேறினார்கள். வயர்லெஸ் கம்பத்தைச் சாய்க்கப் போனபோது நிலையத்துக்காரர்கள் வைத்த ஒரே கோரிக்கை: “எங்கள் டென்னிஸ் மைதானத்தின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.” ஜெர்மானியர்களும் பெரிய மனுஷர்கள், அப்படியே செய்தார்கள்.

பிறகு கடலில் இறங்கிக் கம்பி அறுத்தார்கள். அறுத்ததில் ஒன்று சும்மா போட்டு வைத்திருந்த போலிக் கம்பி. பெர்த் கம்பி மட்டும்தான் நிஜமாக அறுந்தது. மற்ற இரண்டும் பிழைத்தன. அதற்குள் வயர்லெஸ் சேதியைக் கேட்ட ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி வந்து எம்டனை அடித்துத் துவைத்துப் பாறையில் ஏற்றியது. ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி இருக்க வேண்டும் என்ற நெட்வொர்க்கின் முதல் பாடத்தை முல்லர் பிராக்டிகலாகவே கற்றுக்கொண்டார். கம்பி அறுக்கக் கரையிறங்கிய கூட்டம், கப்பல் போனதைப் பார்த்து, அங்கே நின்றிருந்த ‘ஆயிஷா’ என்ற பாய்மரப் படகில் ஏறி அவர்களே கம்பி நீட்டிவிட்டார்கள்.

இரண்டாம் பதில்: காசுக்காரன் முதலில்

டெலிபோன் வந்ததும் அதிகாரத்தின் இடத்தில் காசு வந்து உட்கார்ந்தது. அந்தக் கால டிரங்க் கால் ஒரு சடங்கு. காலையில் புக் செய்துவிட்டு வீட்டில் ஒருவர் குளிக்காமல் போன் பக்கத்தில் குந்தியிருக்க வேண்டும். சாதாரண கால், அர்ஜென்ட் கால், லைட்னிங் கால் என்று வகுப்புகள் உண்டு. லைட்னிங்குக்குப் பல மடங்கு கட்டணம். கட்டினால் நீங்கள் வரிசையைத் தாண்டிப் போகலாம்.

இதில் இன்னொரு கூத்து. திருச்சிக்கு லைன் கிடைத்துவிட்டால் மெட்ராஸிலிருந்து திருச்சி வரை ஒரு பாதை முழுசும் உங்களுக்கே சொந்தம். “அப்புறம்?” “நீதான் சொல்லணும்.” “இங்க ஒண்ணும் விசேஷமில்லே.” இந்த மௌனத்தையும் சுமந்துகொண்டு முந்நூறு கிலோமீட்டர் கம்பி சும்மா கிடக்கும். பின்னால் நூறு பேர் காத்திருப்பார்கள். ஒரே ஒரு டிரெய்லர் போவதற்காக எண்ணூரிலிருந்து துறைமுகத்து ஜீரோ கேட் வரை சாலையைக் காலி செய்து வைப்பதைப் போல.

1960களில் இந்த அக்கிரமம் இரண்டு பேர் கண்ணை உறுத்தியது. அமெரிக்காவில் பால் பாரன், இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸ். ஒருவருக்கொருவர் தெரியாமலே ஒரே யோசனையைச் சொன்னார்கள்: சேதியைத் துண்டு துண்டாக வெட்டு; ஒவ்வொரு துண்டிலும் போகவேண்டிய விலாசத்தை ஒட்டு; எந்த வழி காலியாக இருக்கிறதோ அந்த வழியில் அனுப்பு. அந்தத் துண்டுக்கு ‘பாக்கெட்’ என்று பேர் வைத்தவர் டேவிஸ். பாரன் இதை டெலிபோன் சாம்ராஜ்யமான ஏடி அண்ட் டியிடம் கொண்டு போனார். பல பத்து வருஷமாகக் கம்பியை வாடகைக்கு விட்டுச் சம்பாதித்தவர்களிடம் போய், கம்பியை எல்லாரும் பகிர்ந்துகொள்ளலாம் என்றால் என்ன சொல்வார்கள்? நடக்காது என்றார்கள். நடந்தது.

இதற்குச் சில வருஷம் முன்பே கப்பல் உலகிலும் இதே மூளை வேலை செய்தது. மூட்டையையும் பீப்பாயையும் தனித்தனியாக ஏற்றி இறக்காமல், எல்லாவற்றையும் ஒரே அளவுப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடலாம் என்று 1956இல் மால்கம் மெக்லீன் கப்பலேற்றிக் காட்டினார். கன்டெய்னர் பெட்டிக்குள் டிவி இருக்கிறதா, தோல் செருப்பு இருக்கிறதா என்று கிரேனுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. மேலே எழுதிய எண் போதும். பாக்கெட்டும் அப்படித்தான். பத்து பெட்டிகளில் மூன்று மணலி வழியாகவும் ஏழு கடற்கரை வழியாகவும் வரலாம். ஏழாவது பெட்டி முதலில் வந்து நிற்கலாம். யார்டில் எண் பார்த்து வரிசைப்படுத்திக்கொள்வார்கள். நாலாவது வரவில்லையென்றால், “நாலைக் காணோம், மறுபடி அனுப்பு” என்று சேதி போகும். விலாசம் ஒட்டுவது ஐபி என்ற புரோட்டோகால். வரிசைப்படுத்தி, காணாமல் போனதைக் கேட்டு வாங்குவது டிசிபி. இரண்டும் ஒன்றாக இருந்த முதல் வடிவத்தை வின்ட் செர்ஃபும் பாப் கானும் 1974இல் எழுதினார்கள்.

காலண்டர் சில சமயம் நகைச்சுவை எழுதும். 1983 ஜனவரி 1ஆம் தேதி அமெரிக்காவின் அர்பாநெட் என்ற கணினி வலையமைப்பு முழுவதும் டிசிபி/ஐபிக்கு மாறியது. அதே 1983 டிசம்பரில் இந்தியாவின் முதல் தனிக் கன்டெய்னர் முனையத்தை மெட்ராஸ் துறைமுகத்தில் இந்திரா காந்தி திறந்து வைத்தார். பெட்டியில் போட்டு அனுப்புகிற இரண்டு கலாச்சாரமும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். அமெரிக்கப் பிள்ளை உலகமெல்லாம் சுற்றியது. நம்ம பிள்ளை எக்ஸ்பிரஸ் சாலையில் நிற்கிறது.

சர்வருக்கு ஒரு எச்சரிக்கைப் பலகை

அர்பாநெட்டின் பிறப்பும் கம்பீரமானது அல்ல. 1969 அக்டோபர் 29 ராத்திரி லாஸ் ஏஞ்சலீஸ் பல்கலைக்கழகத்திலிருந்து சார்லி கிளைன் என்ற மாணவர் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையக் கணினிக்கு ‘லாகின்’ என்று தட்டத் தொடங்கினார். எல் போனது. ஓ போனது. அந்தப் பக்கத்துக் கணினி படுத்துவிட்டது. அர்பாநெட்டின் முதல் கிளையன்ட், அதன் முதல் சர்வரிடம் பேசிய முதல் வார்த்தை ‘லோ’. கஸ்டமர் கேர் கலாச்சாரம் அன்று ராத்திரியே பிறந்துவிட்டது.

பிறகு கணினிகள் பெருகின. எண் விலாசத்தை எவன் ஞாபகம் வைத்துக்கொள்வான்? பேர் வேண்டும். எந்தப் பேருக்கு எந்த எண் என்ற ஒரே ஃபைலை ஸ்டான்ஃபோர்டு நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லரின் ஆபீஸ் வைத்திருந்தது. புதுக் கணினி வாங்கினால் ஆபீஸ் நேரத்தில் அவர்களைத் தொடர்புகொண்டு பேரைச் சேர்க்க வேண்டும். உலக இன்டர்நெட்டின் ரேஷன் கார்டு செக்‌ஷன் ஒரே அறையில் நடந்தது. கூட்டம் தாங்காமல் 1983இல் பால் மொகபெட்ரிஸ் டிஎன்எஸ் என்ற முறையைக் கொண்டுவந்தார். பேர் கேட்டால் எண் சொல்வதற்கென்றே ஊர் ஊராக சர்வர்கள் வந்தன.

எல்லா வலைத்தள சர்வருக்கும் பாட்டன் முறை ஒன்று ஜெனீவாவில் இருந்தது. டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் வலைத்தளத்தைத் தன் மேஜைமேல் இருந்த நெக்ஸ்ட் கணினியில் ஓட்டினார். வேறு அறையும் இல்லை, ஏசியும் இல்லை, காவலும் இல்லை. வேலை முடிந்து போகிற யாராவது சுவிட்சை அணைத்துவிட்டால் உலகளாவிய வலை மொத்தமும் அணைந்துவிடும். அதனால் ஒரு சீட்டில் சிவப்பு மையால் ‘இது சர்வர், அணைக்காதீர்கள்’ என்று எழுதி ஒட்டினார். கோடிக்கணக்கில் செலவழித்து இன்று டேட்டா சென்டர் கட்டுகிறவர்களும் அந்தச் சீட்டு சொன்ன வேலையைத்தான் செய்கிறார்கள்.

மூன்றாம் பதில்: சீட்டுக் குலுக்கல்

இந்தியாவில் 1980களின் பின்பாதியில் எர்நெட் என்ற பேரில் ஐஐடிகளும் வேறு சில நிறுவனங்களும் கைகோத்தன. கிண்டியில் மான்களுக்கு நடுவே இருந்த மெட்ராஸ் ஐஐடியும் அதில் ஒன்று. பாமரனுக்குக் கதவு திறந்தது 1995 ஆகஸ்ட் 15. அரசு நிறுவனமான விஎஸ்என்எல் இன்டர்நெட் சேவையை ஆரம்பித்தது. நிமிஷத்துக்கு ஒரு தரம் அறுந்துபோகிற அந்தச் சுதந்திரத்துக்கு, 250 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய் கட்டணம். வேகம் வினாடிக்கு 9.6 கிலோபிட். இன்றைக்கு வாட்ஸப்பில் வருகிற ‘காலை வணக்கம்’ ரோஜாப்பூப் படம் ஒரு மெகாபைட் இருக்கிறது என்று வையுங்கள். இறங்கி முடிக்கக் கால்மணி நேரம் ஆகும். காலை வணக்கம் சொன்னவரை மன்னிக்கவே முடியாது.

1998இல் தனியாருக்கும் அனுமதி கிடைத்தது. சென்னையின் சத்யம் இன்ஃபோவே முதலில் நுழைந்தது. தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் முளைத்தது. டோல்கேட்டில் எங்களுக்கு வாய்த்தது மாடிப்படிக்கு அடியில் இருந்தது. செருப்பை வெளியே விட்டு நுழைய வேண்டும். பிளைவுட் தடுத்த ஏழு பொந்துகள். ஒவ்வொரு மானிட்டர் நெற்றியிலும் போன ஆயுதபூஜையின் சந்தனம், குங்குமம். வாசலில் கடைக்கார அண்ணனின் கணினி, அதுதான் சர்வர். வெளி உலகத்து இணைப்பு அதற்கு மட்டும். அதன் வயிற்றிலிருந்து நீலக் கேபிள் ஒன்று ஹப் என்ற பச்சைக்கண் பெட்டிக்குப் போய் ஏழாகப் பிரியும். கேபிள் நுனியில் இருக்கும் கண்ணாடி பிளாஸ்டிக் பின்னின் நாக்கு எப்போதும் முறிந்தே இருக்கும். அண்ணன் ஒரு தீக்குச்சியை ஒடித்து இடுக்கில் செருகுவார். பச்சை விளக்கு எரியும். பக்கத்து விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை நாட்டுக்குச் செய்த சேவைகளில் இது கணக்கில் வராதது.

உள்ளே ஏழு கணினிக்கும் 192.168 என்று தொடங்குகிற வீட்டு எண்கள். வெளியே ஏழுக்கும் சேர்த்து ஒரே விலாசம். பழைய முறையில் உலகத்துக்கு மொத்தமே சுமார் 430 கோடி ஐபி விலாசம்தான் என்பதால், இந்த வீட்டு எண்களை யார் வேண்டுமானாலும் தங்கள் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று 1996இல் எழுதி வைத்துவிட்டார்கள். கேட்ட பக்கம் மூணாம் நம்பர் பொந்துக்கா, ஆறாம் நம்பர் பொந்துக்கா என்று பிரித்துக் கொடுப்பது அண்ணனின் சர்வர் வேலை. காசு வாங்குவது மட்டும் அண்ணன் வேலை.

“அண்ணே, மூணாம் நம்பர் நகரவே மாட்டேங்குது.”

“அஞ்சுல பாட்டு எறக்கினு இருக்கான் தம்பி. அவன் முடிச்சா உனுக்குத் தன்னால வரும்.”

“அதுக்கும் காசு ஓடுதே!”

“டைம் ஓடுது, காசு ஓடாதா?”

அந்தப் பொந்துகளுக்குள் ஓடியது ஈதர்நெட் என்ற புரோட்டோகால். அதன் பூர்வீகம் ஹவாய். சர்ஃபிங் ஆசையில் அந்தத் தீவுக்குக் குடிபோன நார்மன் ஏப்ரம்சன் என்ற பேராசிரியர், தீவுகளுக்கிடையே ரேடியோவில் கணினிகளைப் பேசவைக்க 1971இல் அலோஹாநெட் அமைத்தார். அதில் யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். தோன்றினால் பேசு; இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசிச் சேதி நசுங்கினால், ஆளுக்கொரு நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடி பேசு. அதில் ஒழுக்கம் சேர்த்து 1973இல் ஈதர்நெட் ஆக்கியவர் பாப் மெட்கால்ஃப்: பேசுவதற்கு முன் காது கொடு, மோதிவிட்டால் நிறுத்து, மனசுக்குள் ஒரு சீட்டைக் குலுக்கி வந்த எண்ணுக்கு ஏற்பப் பொறு, திரும்பவும் மோதினால் இன்னும் பெரிய டப்பாவில் குலுக்கு. துரையும் இல்லை, லைட்னிங் காலும் இல்லை. யார் பொறுப்பது என்பதைப் பகடை முடிவு செய்தது. மனித சரித்திரத்தில் இவ்வளவு நியாயமான வரிசை இதற்கு முன் அமைந்ததில்லை.

நான்காம் பதில்: தானே அடங்குவது

ப்ளஸ் டூ ரிசல்ட் நாளில் இந்த நியாயமெல்லாம் பறந்துவிடும். அந்த மாடிப்படிக்கு அடியில் நாற்பது பேர். பத்து மணிக்கு ரிசல்ட். மாநிலம் முழுக்க இருக்கிற அத்தனை கிளையன்ட்டும் அந்த ஒரு நிமிஷத்தில் ஒரே சர்வரின் கதவைத் தட்டுவார்கள். பக்கம் வெள்ளையாகவே நிற்கும். உடனே பின்னாலிருந்து ஒரு மாமா, “ரெஃப்ரெஷ் அடி, ரெஃப்ரெஷ் அடி” என்பார். ஒவ்வொரு அடியும் இன்னொரு புது வேண்டுகோள். ஏற்கெனவே மூச்சு வாங்குகிற சர்வரின் மார்பில் இன்னொரு மிதி. பிள்ளையின் பெயில் சேதியை அன்று பத்தரை மணி வரை தள்ளிப்போட்ட பெருமை அந்த மாமாக்களையே சேரும்.

கணினிகளும் ஒரு காலத்தில் இந்த மாமாக்கள்தான். 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்திலிருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையில் இன்டர்நெட் முடங்கியது. தூரம் வெறும் 400 கெஜம். டோல்கேட்டிலிருந்து காலடிப்பேட்டைக்கே இதைவிட நிறைய நடக்க வேண்டும். வினாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த பாதையில் 40 பிட் போனது. கம்பி நன்றாகத்தான் இருந்தது. கேட்டில் கூட்டம் சேர்ந்தது. கூட்டம் நிரம்பினால் ரவுட்டர் பாக்கெட்டைச் சாலையோரம் நிறுத்தி வைக்காது, தூக்கிப் போட்டுவிடும். பாக்கெட் போய்ச் சேரவில்லை என்று தெரிந்ததும் அனுப்பினவன் அதையே மறுபடி அனுப்புவான், இன்னும் அவசரமாக. எல்லாரும் அப்படியே செய்தால் கேட்டில் மறுபடி அனுப்பிய பெட்டிகளே குவியும்; புதுச் சரக்கு நகராது.

வான் ஜேக்கப்சன் என்பவர் 1988இல் இதற்கு வைத்தியம் எழுதினார். சாலையை அகலப்படுத்தவில்லை. கேட்டைப் பெரிதாக்கவில்லை. அனுப்புகிறவனின் புத்தியை மாற்றினார். முதலில் ஒன்றே ஒன்று அனுப்பு, வந்து சேர்ந்தது என்று பதில் வந்தால் இரண்டு அனுப்பு, பிறகு நாலு. எங்காவது ஒன்று தொலைந்தால், “ஓஹோ, வழியில் கூட்டம்” என்று புரிந்துகொண்டு நீயே சட்டென்று குறைத்துக்கொள். போலீஸ் இல்லை, அபராதம் இல்லை. முன்பின் தெரியாத கோடிக்கணக்கான கணினிகள் ஒன்றையொன்று கண்ணால்கூடப் பார்க்காமல் தாமாக அடங்கிப் பொறுத்துக்கொள்வதால்தான் இன்டர்நெட் இன்றைக்கும் நகர்கிறது. எண்ணூர் சாலைக்கு எத்தனையோ திட்டம் போட்டார்கள். இந்தத் திட்டத்தைப் போட வழியில்லை. ஏனென்றால் “நீ முதலில் போப்பா” என்று சொல்கிற டிரெய்லர் இன்னும் பிறக்கவில்லை.

இவ்வளவு மரியாதைக்கும் ஒரு பலவீனம் உண்டு: எல்லாரும் எல்லாரையும் நம்புகிறார்கள். 2008 பிப்ரவரி 24ஆம் தேதி பாகிஸ்தானில் யூட்யூபைத் தடுக்க உத்தரவு வந்தது. பாகிஸ்தான் டெலிகாம் தன் ரவுட்டரிடம், “யூட்யூபுக்கு வழி நம்மிடம்தான்” என்று ஒரு பொய் சொல்லி வைத்தது. வருகிறவனைச் சுவரில் முட்டவைக்கும் வேலை. பொய் எல்லை தாண்டி ஹாங்காங் போனது. ஹாங்காங் உலகத்துக்குச் சொன்னது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உலகமே யூட்யூப் பார்க்கப் பாகிஸ்தான் போய்ச் சுவரில் முட்டியது. 2021 அக்டோபர் 4ஆம் தேதி ஃபேஸ்புக் இன்னும் மேலே போனது. பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கட்டளையால் தன் வீட்டுக்கு வருகிற வழியை உலக வரைபடத்திலிருந்து தானே அழித்துக்கொண்டது. வாட்ஸப் உள்பட எல்லாம் ஆறு மணி நேரம் அவுட். சரிசெய்யப் போன ஊழியர்களின் அடையாள அட்டைக்கு ஆபீஸ் கதவே திறக்கவில்லை என்று செய்திகள் வந்தன. கதவைத் திறக்கும் சர்வரும் அதே நெட்வொர்க்கில்தானே இருந்தது!

சுங்கம் கேட்க வந்தவர்கள்

கம்பிக்கு இப்போது பஞ்சமே இல்லை. 2002இல் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 3,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான ஐ2ஐ கண்ணாடியிழைக் கேபிள் போனது. பினாங்கு தந்திக் கம்பி போன அதே கடல், அதே திசை. பின்னால் இன்னும் பல வந்தன. கம்பி பெருகியதும் பழைய கேள்வி புதுச் சட்டை போட்டு வந்தது. கம்பி வைத்திருந்த கம்பெனிகள் கேட்டன: கேட் எங்களுடையதுதானே, எங்கள் ஆளை இலவசமாக விட்டு மற்றவர்களிடம் வசூல் செய்தால் என்ன?

2015இல் ஏர்டெல் ஜீரோ, ஃபேஸ்புக்கின் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ என்று யோசனைகள் வரிசையாக வந்தன. ஏழைகளுக்கு இலவச இன்டர்நெட் என்று முழுப்பக்க விளம்பரம். எந்தத் தளங்கள் இலவசம் என்பதை ஏழைகள் தேர்ந்தெடுக்க மாட்டார்கள் என்பது விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இல்லை. அதற்கு முன்பே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் மக்களின் கருத்தைக் கேட்டிருந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஈமெயில் போட்டார்கள். அரசாங்கம் கேட்டு மக்கள் இவ்வளவு பேர் பதில் சொன்னது அபூர்வம். அதற்கு டிராய் செய்த கைம்மாறு அதைவிட அபூர்வம். அத்தனை பேரின் மின்னஞ்சல் முகவரியையும் சேர்த்து வலைத்தளத்தில் போட்டுவிட்டது. ஸ்பாம் வியாபாரிகள் வீட்டில் அன்று பாயசம். டிராய் தளமும் படுத்துக்கொண்டது.

ஆனால் தீர்ப்பில் டிராய் அசத்தியது. 2016 பிப்ரவரி 8ஆம் தேதி, பாக்கெட்டுக்குள் எந்தத் தளத்தின் சரக்கு இருக்கிறது என்று பார்த்துக் கட்டணம் மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டது. துரையும் லைட்னிங் காலும் வேறு பேரில் உள்ளே வரப் பார்த்தார்கள். அந்த முறை திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

நிரந்தரமாகப் போய்விட்டார்களா என்றால், அப்படி நினைக்கிறவர் வடசென்னைக்காரராக இருக்க முடியாது. இங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்: ஒரு இடத்தில் கேட் என்று ஒன்று நின்றுவிட்டால், பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார ஒருத்தன் வந்தே தீருவான். கேட் இல்லாமல் நெட்வொர்க் ஓடாது. அதனால் கேட்டின் மேல் ஒரு கண் இருக்கட்டும். ஸ்டூலின் மேல் இரண்டு கண்ணும் இருக்கட்டும்.